வளராத ஈஸ்ட்

தர்ஷினிக்கு ஒன்றேகால் வயதில் வந்தது சாதாரணக் காய்ச்சல்தான். மூன்று நாளில் இறங்கிவிட்டது. காய்ச்சலோடு சேர்ந்து குழந்தையின் நடையும் போய்விட்டதைச் செல்லி நான்காம் நாள்தான் கவனித்தாள். கட்டிலைப் பிடித்து எழுந்து நின்ற பிள்ளை தொப்பென்று உட்கார்ந்தது. சோர்வாக இருக்கும், இரண்டு நாளில் தேறிவிடும் என்று நினைத்தாள். தேறவில்லை. அடுத்த சில மாதங்களில் உட்காருவதும் போயிற்று. 'தாத்தா', 'பூ', 'வேணா' என்று சேர்த்து வைத்திருந்த பத்துப் பன்னிரண்டு சொற்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. இரண்டரை வயதில் இமைகள் பாதி மூடியபடியே நின்றன. பால் குடித்தால் புரை ஏறியது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு, சிரிஞ்சில்தான் கஞ்சி இறங்கியது.

ஓசூரில் மூன்று டாக்டர்களைப் பார்த்தார்கள். மூன்றாவது டாக்டர் பெங்களூருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மரபணு நோய்களைப் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். கன்னடம் கலந்த தமிழில் நிதானமாகப் பேசுவார். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் சக்தி உண்டாக்கும் ஒரு பகுதி இருக்கிறது, அதற்குப் பெயர் மைட்டோகாண்ட்ரியா, இந்தப் பிள்ளைக்கு அது சரியாக வேலை செய்யவில்லை என்று சொன்னார். காய்ச்சல் மாதிரி ஏதாவது வந்து உடம்புக்கு அதிகச் சக்தி தேவைப்படும்போது மூளை தாங்காமல் விழுந்துவிடுகிறதாம். மருந்து என்று சில வைட்டமின்களைத் தந்தார். அதற்கு மேல் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

செல்லியின் கணவன் முத்துமணி ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். அன்று சாயங்காலம் போனில் எதையோ படித்துவிட்டு, "மைட்டோகாண்ட்ரியா அம்மாகிட்டருந்துதான் வருமாம்" என்று சொன்னான். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. ஆனாலும் செல்லிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை போனபோது அந்த அம்மாவிடம் அவளே கேட்டாள்.

"அது வேற வகைம்மா. மைட்டோகாண்ட்ரியாவை நடத்தற ஜீன் நிறைய இருக்கு. பெரும்பாலும் அப்பாகிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணுன்னு ரெண்டு பேர்கிட்டருந்தும் வர்றதுதான். ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு வேலையைப் பாத்துக்கும். உங்க ரெண்டு பேருக்கும் அப்படித்தான். பாப்பாவுக்கு ரெண்டுமே கெட்டதா வந்திருக்கும்னு நினைக்கறோம்." பிறகு, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டார்.

முத்துமணி தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா மகளுங்க" என்றான்.

ரிப்போர்ட்டில் இன்னொரு சிக்கல் இருந்தது. தர்ஷினியின் மரபணுவில் கண்ட ஓர் எழுத்துப் பிழை இதுவரை உலகத்தில் வேறு யாரிடமும் பார்க்கப்படாதது. அதுதான் நோய்க்குக் காரணமா, அல்லது தீங்கில்லாத ஒரு வித்தியாசமா என்று சொல்ல முடியாது. 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்றுதான் எழுதியிருந்தார்கள். நகரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது, அதே பிழையை ஈஸ்ட்டில் செய்து பார்ப்பார்கள், சம்மதமா என்று டாக்டர் கேட்டார்.

"ஈஸ்ட்டுன்னா, பன்னு ரொட்டிக்குப் போடறதா?" என்றான் முத்துமணி.

"அதேதான். அதுக்கும் மைட்டோகாண்ட்ரியா உண்டு."

இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். அதன்பின் ஏழெட்டு மாதம் அதைப் பற்றி அவர்கள் நினைக்கக்கூட இல்லை. நினைக்க நேரமில்லை. இரண்டு மணிக்கொரு தடவை கஞ்சி, சளி உறிஞ்சுவது, புரட்டிப் படுக்க வைப்பது. இதற்கு நடுவே செல்லிக்கு நாள் தள்ளிப் போயிற்று. அவள் நம்பாமல் இரண்டு தடவை சோதித்துப் பார்த்தாள்.

"ஈஸ்ட் பரிசோதனை முடிஞ்சா நமக்கு வழி இருக்கு" என்றார் டாக்டர். "அந்தப் பிழைதான் காரணம்னு தெரிஞ்சா, பதினாறாவது வாரம் பனிக்குடத் தண்ணி எடுத்து இந்தக் குழந்தைக்கும் இருக்கான்னு பாக்கலாம். அது தெரியாம டெஸ்ட் எடுத்தா வர்ற பதிலுக்கு அர்த்தம் கிடையாது." அப்போது ஒன்பது வாரம்.

வீட்டுக்கு வந்ததும் முத்துமணி, "அந்த டெஸ்ட்டெல்லாம் வேணாம் புள்ள" என்றான்.

"ஏன் மாமா?"

"நாலுல ஒண்ணுதான்னு அந்தம்மாவே சொல்லுச்சி. மூணு பங்கு நல்லாத்தான் பொறக்கும். கெட்டதுன்னு வந்தா என்னா பண்ணுவ? நான் ஒரு பதில் சொல்லியாவணும். என்னால ஆவாது."

செல்லி மறுத்துப் பேசவில்லை. தன் தாய்மாமனாகச் சின்ன வயதிலிருந்தே அவனைத் தெரியும். முடியாது என்றால் அந்தப் பேச்சை அதோடு மூடிவிடுவான்.

பன்னிரண்டாம் வாரத்தில் ஒரு பெண் போன் செய்தாள். பெயர் இரம். ஆராய்ச்சிக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். தர்ஷினியின் பிழையை ஈஸ்ட்டில் செய்தது அவள்தான். "நான் கிருஷ்ணகிரிதாங்க்கா. எங்க அத்தா ஃபக்ருதீன் மாங்கா மண்டி வச்சிருக்காரு" என்றாள். முடிவு வந்துவிட்டது, இன்னொரு முறை செய்து உறுதிப்படுத்திய பிறகு டாக்டரிடம் எழுத்தில் தருவார்கள், குடும்பத்தினர் விரும்பினால் வந்து பார்க்கலாம் என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார் என்றாள்.

முத்துமணிக்கு ஷிப்ட். நாகரசம்பட்டியிலிருந்து அம்மா பேச்சியம்மாளை வரவழைத்து, பிள்ளையை அவளிடம் விட்டுவிட்டு, செல்லி தனியாகப் பஸ் ஏறினாள்.

இரமுக்கு இருபத்தாறு வயது இருக்கும். கையுறையைக் கழற்றிவிட்டு வந்து செல்லியின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். ஒரு அலமாரியைத் திறந்து, மூடி போட்ட இரண்டு வட்டத் தட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒரு தட்டில் ஐந்து வரிசையாகப் பாலாடை நிறத்தில் புள்ளிகள். இன்னொன்றில் மூன்று வரிசைதான். இரண்டு வரிசைகள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"ரெண்டு தட்டுலயும் அதே அஞ்சு வகை ஈஸ்ட்டுதாங்க்கா, வரிசைக்கு ஒரு வகை. இந்தத் தட்டுல சர்க்கரை போட்டிருக்கு. சர்க்கரை இருந்தா ஈஸ்ட்டு அதைப் புளிக்க வச்சே பொழச்சிக்கும், மைட்டோகாண்ட்ரியா இல்லன்னாலும் பரவால்ல. அதான் எல்லாம் வளந்திருக்கு. இதுல கிளிசரின் மட்டுந்தான். அதைப் புளிக்க வைக்க முடியாது. மைட்டோகாண்ட்ரியா வேலை செஞ்சாத்தான் இதைத் தின்னு வளர முடியும்."

பிறகு வரிசைகளைக் காட்டினாள். முதலாவது, ஒன்றும் செய்யாத ஈஸ்ட். நன்றாக வளர்ந்திருந்தது. இரண்டாவதில் அந்த மரபணுவையே எடுத்துவிட்டார்கள். கிளிசரினில் வளரவில்லை. மூன்றாவதில், எடுத்ததற்குப் பதிலாக மனிதர்களின் நல்ல மரபணுவைப் போட்டார்கள். வளர்ந்தது. நான்காவதில் தர்ஷினியின் மரபணு.

நான்காவது வரிசையில் ஒன்றும் இல்லை.

"எத்தனை நாள் வச்சிப் பாத்தீங்க?" என்று செல்லி கேட்டாள்.

"நாலு நாள்ல வரணும். நான் பத்து நாள் வச்சிருந்தேன். மூணு தடவை செஞ்சேன்."

"கொஞ்சங்கூட வரலியா?"

"இல்லக்கா."

ஐந்தாவது வரிசை செழிப்பாக இருந்தது. அதில் நல்லது ஒன்றும் தர்ஷினியுடையது ஒன்றும் சேர்த்துப் போட்டிருப்பதாக இரம் சொன்னாள். "அது நீங்களும் அண்ணனும் மாதிரி. ஒண்ணு இருந்தாலே போதும்."

நாள் தள்ளிப் போனதிலிருந்து இந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தாள். பதில் தெரிந்தால்தான் வயிற்றில் இருப்பதைச் சோதிக்க முடியும். ஆனால் அந்தத் தட்டைப் பார்த்தபோதுதான், உறுதியாகவில்லை என்ற ஒரு சொல்லை நம்பித் தான் உள்ளுக்குள் எதையோ வைத்திருந்தது செல்லிக்குத் தெரிந்தது. வேறு ஏதோ காரணமாக இருக்கலாம், என்றாவது கண்டுபிடிப்பார்கள், மாத்திரை தருவார்கள், பிள்ளை எழுந்து உட்காரும் என்று. அந்த வெற்றிடத்துக்கு நேராகத் தட்டின் மேல் விரலை வைத்தாள். இரம் தடுக்கவில்லை. செல்லி அழுததும் அவளும் கூட அழுதாள். வீட்டுக்காரர் டெஸ்ட் வேண்டாம் என்கிறார் என்று செல்லி சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பதினாறாவது வாரம் தவற விட்டுராதீங்க. அந்த டெஸ்ட்டுக்கு உங்க கையெழுத்து மட்டும் போதும்" என்றாள்.

தர்ஷினியை மாதம் ஒரு முறை பெங்களூருக்குக் காட்டப் போக வேண்டியிருந்தது. பதினாறாம் வாரத்திலும் அப்படி ஒரு நாள் வந்தது. முத்துமணிக்கு லீவு கிடைக்கவில்லை. செல்லி அம்மாவைக் கூட்டிக்கொண்டாள். எதற்கென்று சொல்லவில்லை. பிள்ளையைக் காட்டி முடித்ததும், ஸ்கேன் அறைக்கு வெளியே நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்து, தர்ஷினியை மடியில் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாள்.

பேச்சியம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. மாம்பழ சீசனில் பழக்கூழ் கம்பெனியில் கொட்டை பிரிக்கும் வேலை, மற்ற மாதங்களில் காட்டு வேலை. யாருக்கும் குரல் தாழ்த்திப் பேசாதவள். "உனக்கென்னா கிறுக்கா புடிச்சிருக்கு? வவுத்துல ஊசி போட்டுத் தண்ணி எடுக்கறதா? எந்திரி, போலாம்" என்று எழுந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் வரல. இன்னொரு புள்ள இப்படி ஆவறதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

"உன் மாமனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கெட்டதுன்னா கலைக்கச் சொல்வேன். அதையும் மாமாகிட்ட நானே சொல்லிக்கறேன்."

பேச்சியம்மாள் மெல்ல உட்கார்ந்தாள். மடியில் கிடந்த பேத்தியின் வாயோரத்தை முந்தானையால் துடைத்தாள். அவள் குரல் மாறிப் போயிருந்தது.

"உன் தம்பி மாரிசாமி ரெண்டு வருசமும் மூணு மாசமும் இருந்தான்."

செல்லிக்கு அந்தத் தம்பியை அரைகுறையாக நினைவிருந்தது. அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டான் என்பார்கள்.

"காமாலை இல்லியா?"

"இல்ல. இதே மாதிரிதான். நடந்துக்கினு இருந்தவன் உக்காந்துட்டான். இதே கண்ணு. கடைசி ரெண்டு மாசம் மூச்சு வாங்கற சத்தம் தெருவுக்குக் கேக்கும். குழாய் கிழாய் எல்லாம் அப்போ ஏது? பால் இறங்காம, பாத்துக்கினு இருக்கும்போதே வத்திப் போனான்." மூக்கை உறிஞ்சினாள். "உங்கப்பனும் எனக்கு அத்தை மவந்தானே."

செல்லி அம்மாவின் பக்கம் திரும்பினாள். "இது தெரிஞ்சிக்கினே என்னை மாமாவுக்குக் குடுத்தியா?"

"எதைடி தெரிஞ்சிக்கினு? எவன் எனக்குச் சொன்னான், சொந்தத்துல கட்டினா இப்படி ஆவும்னு? சாமி குத்தம்னாங்க. ரெண்டு கெடா வெட்டினேன். தீந்துச்சின்னு இருந்தேன். என் தம்பி நல்லவன், உன்னைக் கண்ணுல வச்சிப் பாத்துக்குவான்னு குடுத்தேன்." தர்ஷினியின் தலையைத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டாள். "இவ நடக்காம உக்காந்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சி போச்சி. அப்போ வாயைத் தொறந்தா என்னா ஆயிருக்கும்? நீங்க ரெண்டு பேரும் என் மூஞ்சில முழிச்சிருப்பீங்களா?"

செல்லியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. நர்ஸ் இரண்டாம் முறை கூப்பிட்டபோது பேச்சியம்மாள்தான், "போ. போயி எடுத்துக்கினு வா" என்றாள்.

ஓசூர் வரும்வரை பஸ்ஸில் பேச்சியம்மாளே தர்ஷினியை மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் டாக்டர் கூப்பிட்டார். குழந்தைக்கு ஒரு பிரதியில்தான் பிழை. உங்களைப் போலவே, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். செல்லி இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். மூன்று வாரமாக அவள் மறுபக்கத்துக்கே தன்னைத் தயார் செய்து வைத்திருந்தாள். எந்த டாக்டர், எந்த நாள், மாமாவிடம் என்ன சொல்வது என்பது வரை யோசித்திருந்தாள். இப்போது சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. தர்ஷினிக்குக் கஞ்சி நேரம் ஆகியிருந்தது, எழுந்து போனாள்.

முதல் ஷிப்ட் முடிந்து நான்கு மணிக்கு முத்துமணி வந்தான். அவன் சட்டையைக்கூட மாற்றவில்லை, செல்லி சொல்லிவிட்டாள். முதலில் அவனுக்கு விஷயத்தின் நல்ல பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. "நல்லாருக்கா? நெசமாவா?" என்று இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். கண் கலங்கிவிட்டது. பிறகுதான் மீதிப் பாதி உறைத்தது.

"எப்போ எடுத்த?"

"போன மாசம். பாப்பாவைக் காட்டப் போனோமே, அன்னிக்கு."

"எங்கிட்ட சொல்லாம."

"சொன்னா நீங்க வேணாம்பீங்க."

அவன் கட்டிலின் ஓரத்தில், தர்ஷினியின் கால்மாட்டில் உட்கார்ந்தான். "கெட்டதுன்னு வந்திருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன் என்று சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். ஒரு மாதமாக மறைத்தது போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

"கலைச்சிருப்பேன் மாமா."

முத்துமணி பிள்ளையைப் பார்த்தான். பாதி மூடிய இமைக்குள் கருவிழி மெல்ல அவன் பக்கம் திரும்பியது. அப்பா குரல் கேட்டால் அது மட்டும் இன்னும் நடக்கும்.

"அப்போ இவளுக்கும் முன்னாடியே அந்த டெஸ்ட்டு இருந்திருந்தா?"

செல்லி வாயைத் திறந்தாள். இல்லை என்றால் அது உண்மையாக இராது. ஆமாம் என்பதை அந்தக் கட்டிலுக்கு முன்னால் நின்று சொல்ல வரவில்லை.

"இவ வந்துட்டா மாமா. இவளை நான் பாத்துக்கறேன் இல்ல? ஒரு நாளாவது மூஞ்சி சுளிச்சிருக்கேனா?"

"நான் கேட்டது அது இல்ல" என்றான் அவன்.

அதன்பின் பதினோரு நாள் அவளோடு பேசவில்லை. சண்டையும் போடவில்லை. ஷிப்டுக்குப் போகுமுன் பிள்ளைக்குக் கஞ்சி ஏற்றுவான், வந்ததும் குளிப்பாட்டுவான், முதுகைத் தட்டிச் சளி எடுப்பான். முன்பு இருவரும் பங்கிட்டுச் செய்ததையெல்லாம் அவனே செய்தான். செல்லி கிட்டே வந்தால் நகர்ந்து இடம் விடுவான். செல்லிக்கு அவன் ஓர் அறை அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாள் வந்தாள். செல்லி தன் அம்மா சொன்ன எதையும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. அதை அம்மாதான் சொல்ல வேண்டும் என்று இருந்தாள். பேச்சியம்மாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் தம்பியிடம் சொன்னாள். செல்லியிடம் சொன்னதைவிடக் குறைவான சொற்களில் சொன்னாள்.

முத்துமணி நம்பவில்லை. "மாரிசாமியா? அவனை இடுப்புல தூக்கிக்கினு சுத்துனவனே நான்தானே அக்கா. காமாலைன்னு நீதானே சொன்ன?"

"பொய் சொன்னேன்."

"தலை நிக்காம என் தோள்மேல சாஞ்சிக்கினே இருப்பான்" என்று அவன் தனக்குள் சொல்வது போலச் சொன்னான். பிறகு குரல் உயர்ந்தது. அக்காவை எதிர்த்து ஒரு சொல் பேசாதவன் அன்று பக்கத்து வீடுகளில் கதவு திறக்குமளவுக்குக் கத்தினான். மூன்று வருடம், எத்தனை டாக்டர், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று கத்தினான். பேச்சியம்மாள் அவன் போ என்றதும் போய்விட்டாள். செல்லி ஜன்னல் வழியாக, அம்மா பஸ் நிறுத்தத்தை நோக்கி நடப்பதைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. பிற்பாடு பல நாள் அதுதான் அவளை அரித்தது.

அன்று மாலை முத்துமணி, "தண்ணி எடுத்தாங்களே, ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டான்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான்."

அவ்வளவுதான் பேசினார்கள். ஆனால் சிரிஞ்சை அவளிடம் கொடுத்துவிட்டு அவன் குழாயைப் பிடித்துக்கொண்டான்.

செல்லிக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது தர்ஷினிக்குச் சளிக் காய்ச்சல் வந்தது. ஒரே காலையில் மூச்சுத்திணறல் வந்துவிட்டது. ஓசூரில் ஆக்சிஜன் வைத்து, ஆம்புலன்ஸில் பெங்களூருக்கு ஏற்றிப் போனார்கள். சேர்க்கும் இடத்தில் புதிதாக இருந்த இளம் டாக்டர் படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறந்த எடை, தடுப்பூசி, மருந்துகள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே நோய் இருந்ததா என்று கேட்டபோது முத்துமணி, "இருந்துச்சுங்க. என் அக்கா மவன். மாரிசாமின்னு பேரு. ரெண்டேகால் வயசுல செத்துட்டான்" என்றான். டாக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

ஆறு நாள் கழித்து தர்ஷினி வீட்டுக்கு வந்தாள். கூடவே ஆக்சிஜன் மெஷின் ஒன்றும் வந்தது. குரல் கேட்டால் திரும்பிக்கொண்டிருந்த கருவிழி இப்போது எப்போதாவதுதான் திரும்பியது. அடுத்த காய்ச்சலைத் தாங்குவாளா என்று டாக்டர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது முத்துமணியே அக்காவுக்குப் போன் போட்டான். "பிரசவத்துக்கு ஆள் வேணும், வந்துடு" என்றான். பேச்சியம்மாள் மறுநாளே வந்தாள். மகள் முகத்தைப் பார்க்காமல் வேலைகளைச் செய்தாள். செல்லியும் தேவைக்கு மட்டும் பேசினாள்.

இவளுக்கும் அந்த டெஸ்ட் இருந்திருந்தால் என்று அன்று கட்டிலின் ஓரத்தில் கேட்ட கேள்வியை முத்துமணி அதன்பின் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன சொல்வது என்று பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைக்கும்போதெல்லாம் செல்லி யோசித்துப் பார்ப்பாள். ஒரு நாள் ஒரு பதில் வரும், மறுநாள் இன்னொன்று. இரண்டையுமே அவள் அவனிடம் சொல்லவில்லை.